துளியக்காவும் மூன்றாம் நம்பர் டவரும்

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று யாராவது கேட்டால், துளியக்கா "துளி வைக்கிறேன்" என்பாள். இன்னும் கொஞ்சம் துருவினால், "துளி வெச்சிட்டு காத்துட்டு இருப்பேன்" என்பாள். கேட்டவர் அதோடு நிறுத்திக்கொண்டு, புரிகிற மாதிரி வேலை பார்க்கும் வேறு யாரிடமாவது பேசப் போய்விடுவார். ஆனால் அவள் சொன்னதில் எள்ளளவும் பொய் கிடையாது. பதினேழு வருஷமாக அவள் செய்வது அதைத்தான்.

அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் முதலில் கண்ணாடிப் பாத்திரம் கழுவத்தான் சேர்ந்தாள். ஒரு நாள் துளி வைக்கும் ஆராய்ச்சி மாணவிக்குக் காய்ச்சல். ஆய்வுக்கூடத்தின் தலைவியான மேடத்துக்கோ கை நடுங்கும். ஒரு நாளைக்கு ஒன்பது காபி குடித்தால் யாருக்குத்தான் நடுங்காது. "நான் வேணா வெச்சுப் பாக்கட்டுமா?" என்று இவள் கேட்டாள். கெட்டாலும் ஒரு தட்டுதானே என்று விட்டார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அந்தத் தட்டில் படிகம் வந்திருந்தது. மாணவி வைத்த நாற்பது தட்டிலும் ஒன்றும் வரவில்லை. மாணவி நல்ல பெண், கொஞ்சம் அழுதுவிட்டு வாழ்த்துச் சொன்னாள். அன்றிலிருந்து பாத்திரம் கழுவ வேறு ஆள் வந்தார்.

வேலை இதுதான். நோட்டுப் புத்தகத்தில் பாதி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் இருபத்துநாலு குழி. ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு விதமான உப்புத் தண்ணீர். குழியின் விளிம்பைச் சுற்றிக் கிரீஸ். வட்டமான கண்ணாடிச் சில்லு ஒன்றில், கடுகளவு புரதக் கரைசலைத் துளியாக வைத்து, சட்டென்று தலைகீழாகத் திருப்பி, கிரீஸின்மேல் அழுத்திவிட வேண்டும். துளி கீழே விழாமல் தொங்கும். மூடிய குழிக்குள் துளியின் தண்ணீர் மெல்ல மெல்லக் குறையும். நேரம் நன்றாக இருந்தால் உள்ளே இருக்கும் புரதம் வரிசை கட்டி நின்று படிகமாகும். நேரம் சரியில்லை என்றால் திரிந்த பால் மாதிரி ஆகும். பெரும்பாலும் நேரம் சரியாக இருப்பதில்லை.

எதற்கு இந்தப் பாடு? வருகிறவர்களுக்கெல்லாம் மேடம் சொல்லும் விளக்கம் துளியக்காவுக்கு மனப்பாடம். நொதி, அதாவது என்சைம், ஒரு புரதம். அதில் ஒரு பள்ளம் உண்டு. ஒரு பொருள் அந்தப் பள்ளத்துக்குள் போகும், வேறு பொருளாக வெளியே வரும். நெருப்பு வேண்டாம், விஷம் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர் போதும். ஊருக்கு வெளியே இருந்த மருந்துத் தொழிற்சாலை இதே வேலையை ஐந்து படியாக, ஓர் உலோகத்தையும் ஆயிரக்கணக்கான லிட்டர் சால்வன்ட் என்கிற கரைப்பானையும் போட்டு, நூற்றுப்பத்து டிகிரியில் கொதிக்க வைத்துச் செய்துகொண்டிருந்தது. நொதி செய்தால் ஒரே படி. ஆனால் பள்ளம் குறுகல், தொழிற்சாலையின் பொருளோ தாட்டியான ஆள். உள்ளே நுழைய முடியவில்லை. எந்தச் சுவரை எங்கே இடித்தால் நுழையும் என்று தெரிய வேண்டும். குருட்டாம்போக்கில் இடித்தால் வீடே விழுந்துவிடும். அதனால் நொதியின் உருவத்தை எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும், அதற்குப் படிகம் வேண்டும், படிகத்துக்குத் துளியக்கா வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே தொழிற்சாலையில், ஆவியாகிப் போகும் சால்வன்ட்டைப் பிடித்துக் குளிர வைத்துச் சுத்தமாக்கித் திருப்பி அனுப்பும் மூன்றாம் நம்பர் டவரை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தவர் துளியக்காவின் கணவர். நொதி வேலை செய்தால் சால்வன்ட் வேண்டாம். சால்வன்ட் வேண்டாமென்றால் டவர் வேண்டாம். டவர் வேண்டாமென்றால் டவர்காரர் எதற்கு? ஆக, காலையில் ஒரே அடுப்பில் சமைத்ததை இரண்டு டப்பாவில் கட்டிக்கொண்டு, புருஷன் டவரை நிற்காமல் ஓட்டப் போவார். பெண்டாட்டி அதை நிறுத்த வழி பார்க்கப் போவாள். பதினான்கு மாதம் இப்படிப் போயிற்று. இதைப் பற்றி அவர்கள் சண்டை போட்டதில்லை. சண்டை போடுவதற்கு முதலில் பேச வேண்டும், அதையே செய்யவில்லை.

டவர்காரர் சாதாரண ஆள் இல்லை. மற்றவர்கள் டவரின் கீழே நின்று மீட்டரைப் பார்ப்பார்கள். இவர் குழாயில் காதை வைத்துக் கேட்பார். "மேல கொஞ்சம் முனகுது, சூட்ட ரெண்டு டிகிரி இறக்கு" என்பார். இறக்கினால் சரியாகிவிடும். மூன்று மாடி உயரத்துக்கு நிற்கும் அந்த இரும்பு எப்போது தும்மும், எப்போது விக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதற்குக் கொடுத்த விலைதான் அதிகம். பத்து வருஷத்துக்கு முன்னால் மூக்கு போயிற்று. எந்த வாசனையும் தெரியாது. பிறகு ஞாபகம் போக ஆரம்பித்தது. வீட்டுச் சாவியைச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டுவிட்டு மூன்று நாள் தேடினார். சொந்த மைத்துனியைப் பார்த்து, "உங்கள எங்கயோ பாத்திருக்கேனே" என்றார். அவளுக்கு இவரை ஏற்கெனவே பிடிக்காது, அதனால் பெரிய நஷ்டமில்லை.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாம் அந்த ஆவிதான். மூக்கு போனா போகட்டும். இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே நின்னீங்கன்னா, உங்க வீட்டம்மாவையே யாருன்னு கேப்பீங்க" என்றார்.

"கேட்டா அவளே சொல்லிடுவா" என்றார் டவர்காரர்.

வெளியே வந்ததும் துளியக்கா கெஞ்சிப் பார்த்தாள். "வேற பிரிவுக்கு மாத்திக் கேளுங்களேன்."

"கேட்டு? மாத்திரைய டப்பால போடுற இடத்துல போய் நிக்கவா? அங்க நிக்கிற வரைக்கும்தான் நான் டவர்காரன். இறங்கி வந்துட்டா நான் யாரு?"

துளியக்காவுக்கு வேண்டியது ஒன்றுதான்: தன்னை மறப்பதற்கு முன்னால் அந்த மனுஷன் டவரை விட்டு இறங்க வேண்டும். ஆனால் பிடித்து இழுத்து இறக்கும் கை தன்னுடையதாக இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்காது என்று தெரியும். தெரிந்தும் இரண்டுக்கும் ஆசைப்பட்டாள், வேறு என்ன செய்வாள்.

பதினைந்தாம் மாதம் ஒரு தட்டின் கடைசி வரிசையில் படிகம் வந்தது. மொத்தம் ஆறு. துளியக்கா துள்ளிக் குதிக்கவில்லை. நுண்ணோக்கியை விட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து பார்த்தாள். இருந்தன. மேடத்திடம் போய், "மேடம், ஆறு இருக்கு" என்றாள். மேடம் கையில் இருந்த காபி அப்படியே கீழே கொட்டியது. அதையும் துளியக்காதான் துடைத்தாள்.

அந்த ஆறில் நான்கு எடுக்கும்போதே நொறுங்கின. ஒன்று எக்ஸ்ரே பட்டதும் செத்துப்போயிற்று. மிச்சம் ஒன்று படம் கொடுத்தது. படத்தைப் பிரித்து உருவமாக்குவது படக்காரரின் வேலை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் திரையில் புரதத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பவர், முப்பது வயதிருக்கும், சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார், சாப்பிட மறந்துவிடுவார். அன்றைக்கு அவர் ஓடி வந்த ஓட்டத்தில் ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது.

"அக்கா! பள்ளத்துல யாரோ உக்காந்திருக்காங்க!"

"யாரு தம்பி?"

"அதான் தெரியல. நாம யாரையும் உள்ள விடலையே!"

துளியக்கா போய்ப் பார்த்தாள். திரையில் நீல வலை மாதிரி நொதியின் உருவம். காலியாக இருக்க வேண்டிய பள்ளத்தில் சின்னதாக ஏதோ ஒன்று, சொந்த வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்கு இடம் விட்டு, பக்கத்துச் சுவர் கதவு போல ஒதுங்கியிருந்தது. அங்கே ஒரு கதவு இருப்பதே இதுவரை யாருக்கும் தெரியாது. இந்தக் கதவைத் திறந்தபடியே நிறுத்தி வைத்தால் தொழிற்சாலையின் தாட்டியான ஆள் தாராளமாக நுழைவான். ஆனால் படம் மங்கல். கதவின் கீல் எங்கே என்று தெரியவில்லை. இன்னும் நல்ல படிகம் வேண்டும்.

துளியக்கா மறுபடி வைத்தாள். அதே புரதம், அதே உப்பு, அதே அறை, அதே கை. முப்பது தட்டும் திரிந்த பால். படக்காரர் பைத்தியம் பிடிக்காத குறையாக, உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று தினம் ஒரு கதை கட்டினார். பாக்டீரியாவிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது என்றார், சோப்பின் மிச்சம் என்றார். ஒரு நாள் வெறுத்துப்போய்ப் பலகையில் வரைந்தே காட்டினார். "இவ்வளவுதான் அக்கா தெரியுது. ஆறு மூலை, ஒரு சின்ன வால்."

அந்தப் படத்தைத் துளியக்கா தினமும் காலையில் பார்க்கிறாள். தொழிற்சாலையில் ஒவ்வொருவருக்கும் கொடுத்த எச்சரிக்கை அட்டையை டவர்காரர் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். ஆறு மூலை, ஒரு வால், பக்கத்தில் ஒரு தீச்சுவாலை. மூன்றாம் நம்பர் டவரின் சால்வன்ட்.

நடந்தது இதுதான். கண்ணாடிச் சில்லுகளைக் கழுவிக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவது துளியக்காவின் வழக்கம். மற்ற ஆய்வுக்கூடங்களில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவளுக்கு மனசு வராது. ஆனால் சில்லில் ஒட்டிய கிரீஸ் சோப்புக்கு அசையாது. ஒரு நாள் வீட்டில் அவள் அலுத்துக்கொண்டபோது, "எங்க சால்வன்ட்ல ஒரு தொடை தொடைச்சா பறந்துடும்" என்று சொல்லி, மறுநாள் டவர்காரர் சாப்பாட்டு டப்பாவின் அடித்தட்டில் ஒரு குட்டி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். சில்லுகள் பளபளத்தன. அதோடு விட்டிருக்கலாம். பழைய கிரீஸ் டப்பா இறுகிக் கல்லாகிக் கிடந்தது. இதை இளக்கினால் என்ன என்று எட்டுச் சொட்டு விட்டுக் கிளறினாள். இளகியது. அந்தக் கிரீஸ் பூசிய தட்டில்தான் படிகம் வந்தது. மூடிய குழிக்குள் சால்வன்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகித் துளிக்குள் இறங்கி, பள்ளத்தைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வாரம் புது கிரீஸ் டப்பா வந்துவிட்டது, படிகமும் நின்றுவிட்டது.

மூன்று நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. நாலாம் நாள் சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

"ஏங்க, நீங்க அன்னைக்கு ஒரு குட்டி பாட்டில் கொண்டு வந்தீங்களே."

"தீந்துடுச்சா? இன்னொண்ணு முடியாது. கேட்ல புதுசா ஒருத்தன் வந்திருக்கான், எல்லாரோட டப்பாவையும் திறந்து மோந்து பாக்குறான். எனக்கில்லாத மூக்கெல்லாம் அவனுக்கு இருக்கு."

"அது இப்போ என்சைமுக்குள்ள போய் உக்காந்திருக்கு."

டவர்காரர் மெல்லுவதை நிறுத்தினார். அவள் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை, குழாயில் காது வைத்துக் கேட்பது போலவே தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"உள்ள போய் என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்திருக்கு. அது உக்காந்ததாலதான் கதவு இருக்கிறதே தெரிஞ்சுது."

"நம்ம சால்வன்ட்டா?"

"நம்மதுதான்."

"பரவால்லையே!" என்றார். முகத்தில் பெருமை பளிச்சென்று வந்தது. பிறகு மற்றது நினைவுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது, பெருமை இறங்கிவிட்டது. "இத நீ அவங்ககிட்ட சொன்னா?"

"கிரிஸ்டல் வரும். படம் தெளிவா வரும். அப்புறம்..."

"அப்புறம் டவர் போகும். சொல்லலைன்னா?"

"ஒண்ணும் ஆகாது. எல்லாம் இப்படியே இருக்கும்."

இப்படியே இருக்கும் என்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் எழுந்து கை கழுவினார். துடைத்தார். துடைத்த கையை மறுபடி கழுவினார்.

"சொல்லிடு" என்றார். "ஆனா நான் கொண்டு வந்ததுன்னு சொல்லாதே. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு ஸ்க்ரூ எடுத்தது கிடையாது. திருடன்னு பேர் வாங்கிட்டு இறங்க மாட்டேன்."

அதனால் துளியக்கா மறுநாள் ஒரு பொய் சொன்னாள். பெயின்ட் கடையில் வாங்கிய தின்னரைக் கிரீஸில் கலந்ததாகச் சொன்னாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் சொல்லும் பொய்யில் எப்போதும் வேலை அதிகம். படக்காரர் அன்றைக்கே ஊரிலுள்ள அத்தனை பெயின்ட் கடைக்கும் போய்ப் பதினொரு வகைத் தின்னர் வாங்கி வந்தார். பதினொன்றையும் கிரீஸில் கலந்தார்கள். பதினொன்றிலும் வேறு என்னென்னவோ கலந்திருந்தது. துளி வைத்த கையோடு திரிந்தது. ஆய்வுக்கூடம் புதுமனை மாதிரி நாறியது. படக்காரருக்குத் தலைசுற்றல், வாந்தி. அப்படியும் பன்னிரண்டாவது கடை ஒன்று இருக்கிறதாம் என்று கிளம்பினார். துளியக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மேடத்தின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மேடம் காபியை முழுசாகக் குடித்து முடித்தார்.

"பாட்டில் எவ்வளவு பெருசு?"

"கால் டம்ளர் இருக்கும் மேடம்."

"இந்தக் கால் டம்ளருக்கா என் ஆள ரெண்டு வாரம் தின்னர் மோக்க விட்டீங்க?"

"அவர திருடன்னு சொல்லிடுவாங்க மேடம்."

"யாரு சொல்லுவாங்க? மாதிரிக்காகத் தொழிற்சாலை கொடுத்துதுன்னு எழுதிட்டாப் போச்சு."

அப்படியே எழுதினார். கட்டுரை வெளிவந்தபோது கடைசியில் 'சால்வன்ட் மாதிரி அளித்து உதவிய தொழிற்சாலைக்கு நன்றி' என்று இருந்தது. தொழிற்சாலைக்கு இது பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்ளவும் அவர்களுக்கு விருப்பமில்லை. 'உதவியதில் பெருமகிழ்ச்சி' என்று பதில் கடிதம் அனுப்பினார்கள். அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு உண்மையைக் கேட்ட படக்காரர் ஒன்றுதான் சொன்னார், அதையும் கிட்டத்தட்ட அழுதுகொண்டே சொன்னார்: "அக்கா, அந்த சால்வன்ட் நம்ம ஸ்டோர்லயே ரெண்டு பாட்டில் இருக்கு."

எட்டுச் சொட்டு விட்டார்கள். ஒன்பது நாளில் படிகம் வந்தது, கண்ணாடித் துண்டு மாதிரி தெளிவாக. படமும் தெளிவு. கதவின் கீலில் இரண்டு தடித்த அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்பது தெரிந்தது. விருந்தாளி வந்தால் ஒதுங்குகின்றன, போனால் மூடிக்கொள்கின்றன. அந்த இரண்டையும் எடுத்துவிட்டு ஒல்லியான ஆட்களை நிறுத்தினால் கதவு மூடவே மூடாது. எந்த ஒல்லி என்று பார்க்க ஒன்பது மாதம் பிடித்தது. நாற்பத்து மூன்றாவது மாற்றத்தில் தொழிற்சாலையின் தாட்டியான ஆள் உள்ளே போனான், வேறு ஆளாக வெளியே வந்தான். வெறும் தண்ணீரில், முப்பத்தேழு டிகிரியில்.

அடுத்தது தொழிற்சாலையில் ஐந்நூறு லிட்டர் தொட்டியில் சோதனை. அதை ஓட்ட அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்று மேலிடம் சொன்னது. பட்டியலைப் பார்த்து, இருப்பதிலேயே மூத்தவரைப் போட்டார்கள். டவர்காரர்.

ஒரு நாள் பேச்சுவாக்கில் துளியக்காவே அவரிடம் சொல்லியிருக்கிறாள்: "அம்பது டிகிரிய தாண்டினா அவ்வளவுதாங்க, முட்டை மாதிரி வெந்துடும்." தொட்டியைச் சூடேற்றுவது நீராவி. நீராவி வால்வு டவர்காரரின் கைக்கு எட்டும் தூரத்தில். கொஞ்சம் திறந்துவிட்டால் போதும், நொதி வெந்துவிடும், டவர் பிழைத்துக்கொள்ளும். ஒரு பயல் கண்டுபிடிக்க முடியாது.

அன்று காலை டப்பாவைக் கொடுக்கும்போது, "பாத்து" என்றாள்.

"என்னத்த பாக்கணும்?"

"சும்மா. பாத்து."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனார்.

ஆய்வுக்கூடத்தில் யாரும் வேலை பார்க்கவில்லை. மணிக்கொரு தரம் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. முப்பத்தேழு. முப்பத்தேழு. முப்பத்தேழு. மதியம் ஒன்றரைக்கு வந்த போனைக் கேட்ட மேடத்தின் முகம் செத்துப்போயிற்று. "நாப்பத்தாறாம்" என்றார். அடுத்த போனில் நாற்பத்திரண்டு. பிறகு முப்பத்தேழு. சாயங்காலம் முடிவு வந்தது: நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு மாறிவிட்டது. ஆய்வுக்கூடமே தலைகால் புரியாமல் ஆடியது. படக்காரர் தன் கம்ப்யூட்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

டவர்காரர் வீட்டுக்கு வரும்போது வலது கையில் கட்டு.

"என்னாச்சுங்க?"

"ஆவிக் குழாய்ல பட்டுடுச்சு."

"எப்படி?"

"பட்டுடுச்சுன்னா பட்டுடுச்சு."

கட்டைப் பிரித்து மருந்து போட்டாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். இப்படிக் கொப்புளம் தற்செயலாக வராது, எதையோ இறுக்கிப் பிடித்தால்தான் வரும். நாற்பத்தாறு டிகிரியையும் இந்தக் கையையும் அவள் சேர்த்துப் பார்த்தாள். வால்வைத் திறந்திருக்கிறார். கை சுட்டதும் பயந்து விட்டுவிட்டார். அவளுக்குக் கோபம் வரவில்லை; அவர் டவர், அவர் பிழைப்பு, அவர் செய்தது நியாயம் என்றுகூட நினைத்துப் பார்த்தாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. அடுத்த இரண்டு சோதனையும் வால்வை மாற்றிவிட்டு நடத்தினார்கள், ஒரு குறையும் இல்லை. வீட்டில் மட்டும் ஆறு வாரம் பேச்சில்லை. "சாப்பாடு இருக்கு." "தண்ணி நின்னுடுச்சு." "கதவ சாத்துங்க." அவ்வளவுதான்.

ஏழாவது வாரம் தொழிற்சாலையின் என்ஜினியர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். தொழிற்சாலை நொதிக்கே மாறப் போகிறது என்ற நல்ல செய்தி சொல்ல வந்தவர், பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே மேடத்திடம் பழைய கதையையும் எடுத்தார். துளியக்கா கையில் தட்டோடு பக்கத்தில் நின்றாள்.

"முதல் நாள் உங்க என்சைம் பொழைச்சதே பெரிய விஷயம் மேடம். அந்தத் தொட்டியோட ஸ்டீம் வால்வு முழுசா மூடாதுன்னு எங்களுக்கே தெரியாது. நான் சாப்பிடப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா, சூடு தானா ஏறிக்கிட்டு இருக்கு, நம்ம டவர்காரர் பின்னாடி மெயின் வால்வ வெறுங்கையால பிடிச்சு மூடிட்டு நிக்கிறார். கொதிக்கிற இரும்பு! கையுறை எடுக்கப் போயிருந்தா வர்றதுக்குள்ள அம்பது தாண்டியிருக்கும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் துணியச் சுத்திக்கிட்டு, அத கொஞ்சம் திறக்கிறதும் மூடுறதுமா, தெர்மாமீட்டர விட்டுக் கண்ண எடுக்கல. சும்மா நின்னிருந்தாலும் அவர ஒருத்தரும் கேட்டிருக்க முடியாது. வால்வு பழுதுன்னு எழுதிட்டுப் போயிருப்போம். இத்தனைக்கும் போகப் போறது அவரோட டவரு."

துளியக்கா தட்டைக் கீழே வைத்தாள். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக அரைநாள் விடுப்புக் கேட்டாள். மேடம் எதற்கு என்று கேட்கவில்லை.

டவர்காரர் வீட்டில் உட்கார்ந்து மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க. அந்த வால்வ நீங்கதான் மூடினீங்களா?"

"பின்ன, அதுவா மூடிக்கும்?"

"நீங்க திறந்தீங்கன்னு நினைச்சேன்."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீ கேக்கல. ஆறு வாரமா மூஞ்சி கொடுத்துப் பேசினியா? அதுகூட புரியாத அளவுக்கு இன்னும் மண்டை கெடல."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நின்றபடியே அழுதாள். "விட்டுட்டிருக்கலாமே. யாரும் கேட்டிருக்க மாட்டாங்களாமே. உங்க டவர் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்" என்று ஒப்புக்கொண்டார். விசிறியின் இறக்கையை இரண்டு பக்கமும் துடைத்தார். "நினைக்காம இல்ல. முப்பத்தெட்டுல இருந்து நாப்பத்தாறு வரைக்கும் நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ஏறட்டும், ஏறட்டும்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அது நீ வளத்தது. என் கண்ணு முன்னாடி எப்படி வேக விடுவேன்?"

துளியக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் அழ விட்டார். பிறகு அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"போதும், எழுந்திரு. உன் என்சைம் ஓடுற அந்தத் தண்ணித் தொட்டியப் பாத்துக்க என்னைக் கூப்பிடுறாங்க. சத்தமே போடாத சாமான், அத எப்படி ஓட்டுறது. யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கேன்." துடைத்த துணியை உதறினார். "நாளைக்கு என்னை அஞ்சு மணிக்கு எழுப்பி விடு. டவர நிறுத்துறோம்."

"நீங்களா? வேற யாரையாவது பண்ணச் சொல்லக் கூடாதா?"

"வேற யாருக்குத் தெரியும்? பட்டுனு நிறுத்தினா உள்ள எல்லாம் விரிஞ்சு போயிடும். சூட்ட ஒவ்வொரு டிகிரியா இறக்கணும்."